பதநீரின் பதம்

சித்திரை மாதத்து உஷ்ணத்தில், கேளம்பாக்கம் சாலையோரத்தில் ஓலைப் பட்டையில் வார்த்துத் தரப்படும் பதநீருக்கு இணையான பானம் பிறிதொன்றை நான் அறியேன். பாளையிலிருந்து சொட்டிய கணமே காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் அதன் சர்க்கரையை மதுவாக்க முற்படுமாதலால், கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசி அந்தப் பரிணாமத்தை மட்டுப்படுத்தும் பனையேறியின் சாதுரியமே இதன் ஜீவன். பூச்சு குறைந்தால் கள், மிகுந்தால் நாவை உறுத்தும் காரம். ஆப்பிள் ரசத்தை வீட்டில் புளிக்க வைக்கும் மேலைநாட்டாரோ, இதற்கு நேர்மாறாக, ஈஸ்ட் பெருகவொட்டாமல் தடுக்கும் பொட்டாசியம் சார்பேட் சேராத புட்டியையே தேடி வாங்குகிறார்கள். 1987 முதல் கள்ளுக்குத் தடையுள்ள நம் மாநிலத்தில், நுரையற்று, புளிவாடையின்றி, சுண்ணாம்பு அடியில் படியத் தெளிந்திருப்பதே உத்தமமான பதநீர். அதையும் வெயில் ஏறுமுன் பருகிவிட வேண்டும்.