தொடர்நாடகத்தில் அழகும் நடிப்பும்: இரு மரபுகள் பற்றிய ஒரு நோக்கு

பழைய தொலைக்காட்சித் தொடர்நாடகங்களில் அழகிய முகங்கள் மலிந்தவிடத்து நடிப்பு நலிந்தது என்றும், அழகு முதன்மை பெறாதவிடத்து நடிப்பு வளர்ந்தது என்றும் கூறப்படுவதுண்டு. இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆயின் இதனைத் தனிநடிகரின் திறன் பற்றிய பிரச்சினையாக மட்டும் நோக்குவோமாயின், அதன் சமூக அடித்தளம் எமக்குப் புலப்படாது போய்விடும்.

இந்நாடகங்களுக்குச் 'சவர்க்கார நாடகம்' என்ற பெயர் வாய்த்தமை தற்செயலானதன்று. 1930களில் அமெரிக்க வானொலியில், பகல்வேளையில் வீட்டிலிருந்த பெண்களை நோக்கி, சவர்க்காரக் கம்பனிகளின் பணத்தில் வளர்ந்தவை இவை. ஏர்னா பிலிப்ஸ் உருவாக்கிய 'அஸ் த வேர்ள்ட் ரேர்ன்ஸ்' 1956 ஏப்ரலில் தொலைக்காட்சிக்கு வந்தது. 1975 வரை நேரடியாகவே ஒளிபரப்பாயிற்று. மீள நடித்துத் திருத்த இடமில்லாத அச்சூழலில் நினைவாற்றலும் மேடைப்பயிற்சியும் இன்றியமையாதனவாயிருந்தன. 1973இல் தொடங்கிய 'த யங் அன்ட் த றெஸ்ற்லெஸ்' வேறொரு வழியைத் திறந்தது. இளமைக் கவர்ச்சி மிக்க நடிகர்களும், திரைப்படத்தை ஒத்த ஒளியமைப்பும், முகத்தை நெருங்கிக் காட்டும் கமராவும் அதன் அடையாளங்களாயின. விளம்பரதாரர் பெரிதும் விரும்பிய இளம் பெண் பார்வையாளரை ஈர்க்கும் போட்டியின் விளைவே இதுவாகும். இங்கு முகமும் ஒரு பண்டமாயிற்று.

பிரித்தானியாவில் 1954ஆம் ஆண்டின் தொலைக்காட்சிச் சட்டம் விளம்பரத்தை அனுமதித்தபோதும், விளம்பரதாரர் நிகழ்ச்சிக்கு அனுசரணையாளராவதைத் தடுத்தது. 1960 டிசம்பரில் கிரனாடா நிறுவனம் தொடங்கிய 'கொரொனேஷன் ஸ்ரீற்', வட இங்கிலாந்துத் தொழிலாளர் தெருவொன்றினைக் களமாகக் கொண்டது. உழைக்கும் மக்களின் வாழ்வை மேடையேற்றிய அக்கால ஆங்கில நாடகப் போக்கின் செல்வாக்கும் அதன்மீது படிந்திருந்தது.

அத்தொடரில் ஜீன் அலெக்சாண்டர் 1964 முதல் 1987 வரை நடித்த ஹில்டா ஒக்டன், தலைமயிரில் சுருளிகளும் இடையில் ஏப்ரனுமாக மதுச்சாலையைத் துப்புரவு செய்யும் பெண். 1984இல் கணவன் ஸ்ரான் இறந்தபின், மருத்துவமனையிலிருந்து வந்த அவனது பொருள்களை அவள் பிரிக்கின்றாள். மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் கண்டதும் அதுவரை அடக்கிய துயர் உடைகின்றது. சொல் மிகக் குறைவு. கைகளும் முகமுமே பேசுகின்றன. உழைத்துத் தேய்ந்த ஒரு முகத்திற்கே அத்துயர் இவ்வளவு இயல்பாகப் பொருந்தும். 1985இல் றோயல் ரெலிவிஷன் சொசைற்றி அவருக்குச் சிறந்த நடிப்புக்கான விருதை வழங்கியது.

ஆயினும் அழகின்மையே நடிப்பு எனக் கொள்வது இயந்திரப்பாங்கான முடிபாகும். அதே தெருவின் எல்சி ரானராக நடித்த பற் பீனிக்ஸ் கவர்ச்சி மிக்கவர். தன் அழகு கழிந்து செல்வதை அறிந்த ஒரு தொழிலாளர் குடும்பப் பெண்ணின் அச்சத்தையும் பெருமிதத்தையும் அவ்வழகினூடாகவே அவர் புலப்படுத்தினார். மறுபுறம், அமெரிக்கத் தொடரில் ஹெலன் வாக்னர், இடையிடையே விலகியிருந்தபோதும், நான்சி ஹியூஸ் பாத்திரத்தை 1956 முதல் 2010 வரை ஏற்று, அதனுடன் முதுமையுற்றார். வணிக மரபினுள்ளும் மனித முகத்திற்கு இடம் கிடைத்தமைக்கு இது சான்று.

எனவே, அழகா நடிப்பா என்ற வினா பொருத்தமானதன்று. கமராவின் முன் நிற்கும் முகம் உழைப்பையும் காலத்தையும் தாங்கிநிற்க அனுமதிக்கப்படுகின்றதா, அன்றி விற்பனைக்காக அவை அதனின்றும் அழிக்கப்படுகின்றனவா என்பதே நாம் எழுப்பவேண்டிய வினாவாகும்.