கண்டுபிடிச்சாச்சு, அப்புறம்?

ராஷ்ட்ரீய பால் ஸ்வஸ்திய கார்யக்ரம் என்ற மத்திய அரசுத் திட்டம் 2013-ல் வந்தது. பிறந்தது முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளிடம் பல வகைக் குறைகளைத் தேடிக் கண்டுபிடிப்பது அதன் வேலை. அந்தப் பட்டியலில் ஏ.டி.எச்.டி.யும் இருக்கிறது. நன்னிலம் மாதிரி ஊரில் 'வாலு', 'அடங்காதது' என்று திட்டு வாங்கும் ஒரு பிள்ளைக்கு இருப்பது மருத்துவம் பார்க்க வேண்டிய குறை என்று அரசே ஒப்புக்கொண்டது நல்ல விஷயம். என் விமர்சனம் அதற்கடுத்த படியைப் பற்றியது.

வழிகாட்டுதலின்படி நடமாடும் குழுவில் 2 மருத்துவர்கள், ஒரு செவிலியர், ஒரு மருந்தாளுநர். பள்ளிக்கு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார்கள். சொத்தைப் பல் என்றால் அது போதும், பார்த்தாலே தெரியும். ஏ.டி.எச்.டி. அப்படியில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம்-5 கையேடு, அறிகுறிகள் 6 மாதமாவது நீடிக்க வேண்டும், வீடு, பள்ளி என்று குறைந்தது 2 இடங்களில் தெரிய வேண்டும் என்கிறது. ஒரு நாள் வகுப்பறைக்கு வந்து போகிறவர்களுக்கு இது எப்படித் தெரியும்? வீட்டில் என்ன நடக்குதுன்னு அம்மாவிடம் உட்கார்ந்து கேட்க ஆள் வேண்டும்.

சந்தேகம் வந்தால் மாவட்ட மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். நன்னிலத்திலிருந்து திருவாரூர் ஒன்றும் தூரமில்லை. ஆனால் நடவு சமயத்தில் போய் வந்தால் அம்மாவுக்கு அன்றைய கூலி போச்சு. நாலு தடவை வரச் சொன்னால் எத்தனை பேரால் முடியும்?

சிகிச்சை தொடங்கினாலும் வேலை வீட்டில்தான். மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை பசியைக் குறைக்கும். மாத்திரை சாப்பிடும் பிள்ளையின் உயரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தத்தை 6 மாதத்துக்கு ஒருமுறையும், 10 வயது வரை எடையை 3 மாதத்துக்கு ஒருமுறையும் பார்க்கச் சொல்கிறது பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டி. 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மருந்துக்கு முன் பெற்றோருக்குப் பயிற்சி என்கிறது. இதெல்லாம் செவிலியர் செய்யக்கூடியது. மாத்திரைக்கு முன்னாடி காலைச் சாப்பாடு, மதியம் தட்டு அப்படியே திரும்பினால் சாயந்திரம் பசிக்கும்போது சோறு, ஒரே மூச்சில் நாலு வேலை சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்வது. அதோடு பாட்டியிடம், "வளர்ப்பு சரியில்லைன்னு இவங்களைத் திட்டாதீங்க, இது யார் தப்பும் இல்லை" என்று சொல்வது. அம்மா சொன்னால் எடுபடாது. நர்சம்மா சொன்னால் எடுபடும்.

வீடு தேடிப் போவது நம் அரசுக்குப் புதுசும் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கிறது. படுத்த படுக்கையானவர்களைப் பார்க்கச் செவிலியரும் போகிறார். தாத்தாவுக்காக அதே தெருவுக்குள் போகிற திட்டம் பேரனையும் விசாரிக்கலாமே.

பட்டியலில் இன்னொரு குறையைச் சேர்ப்பது அப்புறம் இருக்கட்டும். பிள்ளையை அனுப்பும் சீட்டில் இரண்டு வரி கூடுதலாக வேண்டும்: பொறுப்பான செவிலியரின் பெயர், அவர் வீட்டுக்கு வரும் தேதி.