காதலும் வணிகப் போட்டியும்: 'யூவ் கொட் மெயில்' திரைப்படம் குறித்து ஒரு நோக்கு

ஜனரஞ்சகத் திரைப்படங்களை வெறும் பொழுதுபோக்கெனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயின், ஒரு சமூகம் தன் முரண்பாடுகளை எவ்வாறு தனக்கே விளக்கிக்கொள்கின்றது என்பதை அறிய விழைவோர் அவற்றைப் புறக்கணித்தல் ஆகாது. நோரா எஃப்ரனின் நெறியாள்கையில் 1998இல் வெளிவந்த 'யூவ் கொட் மெயில்' இவ்வகையில் நோக்கத்தக்கதொரு ஹொலிவூட் படமாகும்.

ரொம் ஹாங்ஸ், மெக் றையன் ஆகிய இருவரும் எஃப்ரனின் 'ஸ்லீப்லெஸ் இன் சியாற்றில்' (1993) மூலம் பெரும் புகழ்பெற்ற இணையராவர். அவர்களை மீண்டும் ஒன்றுசேர்க்கும் இப்படத்தின் களம் நியூயோர்க் நகரின் மேல் மேற்குப் பகுதி. தாய்வழிப் பெற்ற சிறுவர் நூற்கடையொன்றை நடத்துபவள் கத்லீன் கெலி. அதன் அருகே பாரிய நூற்கடையொன்றைத் திறக்கும் நிறுவனக் குடும்பத்தின் வாரிசு ஜோ ஃபொக்ஸ். தொழிலில் எதிரிகளான இவ்விருவரும், ஒருவரையொருவர் அறியாது, புனைபெயர்களில் மின்னஞ்சல் வழி அன்பு பூணுகின்றனர். ஈற்றில் கடை மூடப்படுகின்றது, காதல் கைகூடுகின்றது.

ஹங்கேரிய நாடகாசிரியர் மிக்லோஷ் லாஸ்லோவின் நாடகத்தைத் தழுவி ஏர்ன்ஸ்ற் லுபிற்ஷ் 1940இல் ஆக்கிய 'த ஷொப் அரௌண்ட் த கோர்னர்' படமே இதற்கு மூலம். அங்கு காதலர் இருவரும் புடாபெஸ்ற் நகரக் கடையொன்றின் ஊழியர்கள். வேலையிழப்புப் பற்றிய அச்சம் அப்படம் முழுவதும் இழையோடுகின்றது. அவர்களிடையேயான பிணக்கு ஆளறியாமையின்பாற்பட்டது; ஆதலின், உண்மை தெரிந்ததும் அது தீர்கின்றது. எஃப்ரனோ ஊழியரின் இடத்தில் பெருமுதலாளியையும் சிறுவணிகரையும் நிறுத்துகிறார். இவர்களிடையே உள்ளது நலன்களின் மோதல். ஒருவரையொருவர் அறிந்துகொள்வதால் மட்டும் அது நீங்கிவிடாது. எனினும், அதனையும் மனத்தாங்கல் போன்றே படம் தீர்த்துவைக்கின்றது. படத்தின் அடிப்படைப் பலவீனம் இதுவேயென நாம் கருதுகின்றோம். புகழ்பெற்ற இணையர் சேர்ந்தேயாக வேண்டுமென்ற பார்வையாளரின் எதிர்பார்ப்பு, இச்சமரசத்தை இயல்பானதாகத் தோன்றச் செய்கின்றது.

இதனாற் படத்தின் சிறப்புகளை நாம் மறுப்பதற்கில்லை. கடையை அற்புதமொன்றினாற் காப்பாற்றும் மலிவான உத்தியை எஃப்ரன் கையாளவில்லை. கடையை இழந்த கத்லீன் போட்டிக் கடைக்குச் செல்லுங் காட்சி குறிப்பிடத்தக்கது. வாடிக்கையாளர் ஒருவர் நோயல் ஸ்ற்றீற்ஃபீல்டின் நூல்களைக் கேட்க, அங்குள்ள விற்பனையாளருக்கு அவை பற்றித் தெரியவில்லை. கண்ணீருடன் கத்லீனே விளக்குகிறாள். ஒரு கடையோடு தலைமுறை வழிவந்த அறிவும் உறவும் அழிகின்றன என்பதை மெக் றையனின் மிகையற்ற நடிப்பு உணர்த்துகின்றது. ஆயின், படம் அவ்வுண்மையைத் தொடர்ந்து செல்லத் துணியவில்லை.

இன்று நோக்குமிடத்துப் பிறிதொரு முரணும் புலனாகின்றது. இப்படத்திற் கணினி வலைப்பின்னல், வணிகப் போட்டி நுழையாத அந்தரங்க வெளியாகக் காட்டப்படுகின்றது. ஆனால், அமேசன் நிறுவனம் 1995இலேயே அவ்வலைப்பின்னல் வழி நூல் விற்பனையைத் தொடங்கிவிட்டது. பாரிய நூற்கடை நிறுவனங்களுள் ஒன்றான போடர்ஸ் 2011இல் தன் கடைகளை மூடிற்று. சிறுகடையை விழுங்கிய பெருங்கடையும் நிலைக்கவில்லை.

காதலர் இணைவதை நாம் குறைகூறவில்லை. கத்லீன் இழந்ததற்கு அவ்விணைவு ஈடாகிவிட்டதெனப் படம் கொள்ளும் முடிவையே நாம் ஏற்க இயலாதுள்ளது.