மீச்சிறு வர்க்க முறையில் ‘சிறந்த மதிப்பு’ என்னும் கூற்று: லெஜாந்தர் முதல் திகோனோவ் வரை ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

அளவீடுகளிலிருந்து அறியப்படாத மதிப்புகளைக் கணிக்க உதவும் மீச்சிறு வர்க்க முறையின் விடை ‘சிறந்த மதிப்பு’ என்று வழங்கப்படுகிறது. அச்சிறப்பு எந்த எடுகோளின்மேல் நிற்கிறது என்பதை லெஜாந்தர், காஸ் ஆகியோரின் நூல்கள்வழி இக்கட்டுரை ஆராய்கிறது. நேர்மாறுச் சிக்கல்களில் எடுகோளைக் கூறாது விடுவது விடையின் பொருளையே மாற்றிவிடும் என்பது இதன் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: மீச்சிறு வர்க்க முறை, எச்சம், மதிப்பீடு, நேர்மாறுச் சிக்கல், ஒழுங்குபடுத்தல்.

முன்னுரை

ஒரே அளவைப் பலமுறை அளந்தாலும் அளவீடுகள் முற்றும் ஒத்துவருவதில்லை. அளந்த மதிப்புக்கும் கணித்த மதிப்புக்கும் உள்ள வேறுபாடு எச்சம் எனப்படும். எச்சங்களின் வர்க்கங்களது கூட்டுத்தொகை மிகக் குறைவாக அமையும் விடையைத் தேர்வது மீச்சிறு வர்க்க முறையாகும். வர்க்கத்தையே ஏன் கொள்ள வேண்டும் என்பது இங்கு எழும் வினா. புவியின் வடிவத்தை ஆராய்ந்த போஸ்கோவிச், 1757-இலேயே எச்சங்களின் கூட்டுத்தொகை பூச்சியமாகவும், குறி நீக்கிய அளவுகளின் கூட்டுத்தொகை மிகக் குறைவாகவும் இருக்க வேண்டும் என்னும் வேறொரு நெறியை முன்வைத்திருந்தார்.

நெறியும் விடையும்

10, 10, 10, 10, 20 என ஐந்து அளவீடுகள் இருப்பதாகக் கொள்வோம். வர்க்கக் கூட்டுத்தொகையை மிகக் குறைப்பது 12, இது கூட்டுச்சராசரி. குறி நீக்கிய எச்சங்களின் கூட்டுத்தொகையை மட்டும் மிகக் குறைப்பது 10. இது இடைநிலை அளவு. தரவு ஒன்றே; நெறி மாற, ‘சிறந்த மதிப்பு’ம் மாறுகிறது. 20 என்பது கருவியின் கோளாறா, உண்மையான அளவா என்பதைத் தரவு தானே கூறாது.

லெஜாந்தரும் காஸும்

வால்வெள்ளிகளின் சுற்றுப்பாதையைப் பற்றி 1805-இல் வெளியிட்ட நூலின் பின்னிணைப்பில் லெஜாந்தர் இம்முறையை விளக்கினார். டன்கர்க் முதல் பார்சிலோனா வரையிலான நெடுங்கோட்டு வில்லின் அளவீடு அவர் காட்டிய எடுத்துக்காட்டு. பிழைகளிடையே ஒருவகைச் சமநிலை ஏற்படும் என்பதும், கணக்கிடுதல் எளிது என்பதும் அவர் தந்த காரணங்கள். நிகழ்தகவு பற்றிய வாதம் அதில் இல்லை. அடக்கமான கூற்று எனினும், அது தாங்கக்கூடியதற்கு மேல் எதையும் கோரவில்லை.

காஸ் 1809-இல் வெளியிட்ட நூலில் நிகழ்தகவு வாதத்தைக் கொண்டுவந்தார். கூட்டுச்சராசரியே மிகு வாய்ப்புடைய மதிப்பு என்று முதலில் கொண்டு, அதிலிருந்து பிழைகளின் இயல்நிலைப் பரவலைப் பெற்று, அப்பரவலிலிருந்து மீச்சிறு வர்க்க நெறியை நிறுவினார். ஆனால் கூட்டுச்சராசரி என்பதே மீச்சிறு வர்க்க முறையின் எளிய வடிவம். எனவே நிறுவ வேண்டியதன் ஒரு கூறு எடுகோளிலேயே அடங்கியிருந்தது.

இக்குறையை நீக்கும் வழியையும் காஸே கண்டார். 1823-இல் வெளியான ஆய்வில் இயல்நிலைப் பரவல் என்னும் எடுகோளைக் கைவிட்டார். பிழைகளின் சராசரி பூச்சியமாகவும், பரவற்படி சமமாகவும், பிழைகள் ஒன்றையொன்று சாராதும் இருப்பின், ஒருபாற் சாய்வற்ற நேரியல் மதிப்பீடுகளுள் மிகக் குறைந்த பரவற்படி உடையது இம்முறையின் விடையே என நிறுவினார். ‘சிறந்த’ என்னும் சொல்லுக்கு இங்கு வரையறுத்த பொருள் உண்டு, வரம்பும் உண்டு. பிற்காலத்தார் பலர் சொல்லை எடுத்துக்கொண்டு வரம்பை விட்டுவிட்டனர்.

நேர்மாறுச் சிக்கலில் நேர்வது

விளைவிலிருந்து காரணத்தைக் கணிப்பது நேர்மாறுச் சிக்கல். தரைமேல் அளந்த ஈர்ப்பு வேறுபாட்டிலிருந்து நிலத்தடிப் பாறையின் அடர்த்தியை அறிவது அத்தகையது. இதில் நேரும் இடரைச் சிறு கணக்கொன்று காட்டும். x + y = 10, x + 1.01y = 10.05 எனில் விடை 5, 5. இரண்டாம் அளவீடு 10.06 ஆயின் விடை 4, 6. அளவீட்டில் 0.01 மாற, விடையில் 1 மாறுகிறது. எச்சம் இரு நிலையிலும் பூச்சியமே. ஆகவே எச்சம் சிறிதாக இருப்பது விடையின் நம்பகத்தன்மைக்குச் சான்றாகாது.

திகோனோவ் 1963-இல் முன்வைத்த ஒழுங்குபடுத்தல் முறை, எச்ச வர்க்கங்களோடு விடையின் அளவுக்கும் ஒரு தண்டத்தைச் சேர்க்கிறது. மேற்கண்ட கணக்கில் x² + y² என்பதை 0.01-ஆல் பெருக்கிச் சேர்த்தால், இரு நிலையிலும் ஏறத்தாழ 5, 5 என்னும் விடையே கிடைக்கிறது. விடை நிலைபெற்றுவிட்டது. ஆனால் உண்மை 4, 6 ஆக இருந்திருப்பின், அதை இம்முறை மறைத்துவிடும். நிலைபேறு தரவிலிருந்து வந்ததன்று. சிறிய விடையே ஏற்புடையது என்னும் முன்முடிவிலிருந்து வந்தது.

முடிவுரை

முன்முடிவு இன்றி நேர்மாறுச் சிக்கலைத் தீர்த்தல் அரிது. ஆகவே முன்முடிவு கொள்வது குற்றமன்று. அதைத் தரவின் கூற்றாகக் காட்டுவதே குற்றம். 1839-இல் பெசலுக்கு எழுதிய கடிதத்தில் காஸ், மிகு வாய்ப்புடைய மதிப்பைத் தேடுவதினும் இழப்பு மிகக் குறைந்த மதிப்பைத் தேடுவதே முதன்மையானது என்னும் கருத்தை வெளியிட்டார். எதை இழப்பாகக் கொள்வது என்பது ஆய்வாளரின் தேர்வு. பிழை பற்றிய எடுகோள், சேர்த்த தண்டம், அதன் அளவு ஆகிய மூன்றையும் விடையோடு சேர்த்து வெளியிடும்போதே ‘சிறந்த மதிப்பு’ என்னும் கூற்று ஆய்வுக்குரியதாகும்.