விடுபட்ட வாரம்

நம் ரசிகர்களிடையே இப்போது ஓர் அபிப்பிராயம் எதிர்ப்பே இல்லாமல் உலவி வருகிறது. மாயமும் மர்மமும், யட்சியும் கந்தர்வனும், சுரங்க வழியும் வால் நட்சத்திரமும் நிறைந்த கதைகளைப் படமாக்க முந்தைய தலைமுறைக்கு ஆசை இருந்ததே தவிரச் சாதனம் இருக்கவில்லை என்றும், கணினி வரைகலை கைவந்துவிட்ட இக்காலத்தில் எந்த நாவலும் திரைக்கு எட்டாத உயரத்தில் இல்லை என்றும், ஆகவே பழைய படங்களின் குறைகளை வறுமையின் குறைகளாகக் கருதி மன்னித்துவிட வேண்டும் என்றும் அந்த அபிப்பிராயம் சொல்கிறது. பாலக்காட்டுப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறைத் தேநீர்க் கடையிலும் இதைக் கேட்டேன். படித்தவர்கள் கூடிய சபையிலும் இதையே, சற்று உயர்ந்த சொற்களில், கேட்டேன். 2023 ஏப்ரல் 20ஆம் தேதி ஆஷிக் அபு இயக்கிய ‘நீலவெளிச்சம்’ வெளியாயிற்று. எட்டு நாள் கழித்து மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகம் வந்தது. மேற்சொன்ன வாதத்துக்கு அதைவிடச் சுபமான மாதம் அமைந்திருக்க முடியாது. இரண்டையும் பாலக்காட்டில் பார்த்துவிட்டு, இரண்டு இரவுகளிலும் வெறுங்கையோடு வீடு திரும்பிய ஒருவனுடைய ஆக்ஷேபமே இக்கட்டுரை.

என் தகுதியையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம். நான் தேவிகுளம் தாலுகாவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். எங்களுக்குப் பத்திரிகை தமிழில், போடியிலிருந்து போடிமெட்டு ஏறி வரும் பஸ்ஸில் வந்தது; சினிமாவோ பாதிக்குமேல் மலையாளத்தில் வந்தது. ஆறு வீட்டார் காசு சேர்த்து ஒரு ‘கல்கி’ வாங்குவார்கள். மறுபிரசுரமாக வந்துகொண்டிருந்த ‘பொன்னியின் செல்வ’னை இரவில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். எல்லோரும் கேட்டு முடிந்த பிறகு பக்கங்களைப் பிரித்து அடுக்கி வைக்கும் உரிமை என் சித்திக்கு. ஒரு மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோக, ஒரு வார இதழ் வரவேயில்லை. குடந்தை ஜோதிடர் வீட்டுக்குள் வந்தியத்தேவன் திடுமென நுழையும் இடம் அது. பதினைந்து வயதுப் பையனாகிய நான், கல்கி எழுதிய அத்தியாயம் கிடைக்காத துக்கத்தில், அதை நானே எழுதுவதென்று தீர்மானித்து, கோடு போட்ட நோட்டில் பதினொரு பக்கம் எழுதினேன். அந்தப் பக்கங்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஆதி கட்டங்களைப் பற்றி வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மலையாளத்தில் சி. வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ (1891) 1933இல் ஊமைப் படமாகி, நூலின் உரிமை பற்றிய வழக்கில் சிக்கிப் பெட்டிக்குள் முடங்கிய கதை பிரசித்தம். நாவலுக்கும் படத்துக்கும் உள்ள உறவு நம் பக்கத்தில் கோர்ட்டில்தான் ஆரம்பமாயிற்று என்பது ஒரு விசேஷம். வாசனின் ‘சந்திரலேகா’ (1948) ரெயினால்ட்ஸ் நாவலொன்றின் அத்தியாயத்திலிருந்து விதையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தானே பயிர் செய்தது. தெலுங்குக் காசி மஜிலிக் கதைகளிலிருந்து பிறந்த ‘பாதாள பைரவி’ (1951) இன்றும் குழந்தைகளைக் கட்டிப்போடுகிறது. பின்னிரண்டும் வென்றதற்குக் காரணம் எளிது: மூலக்கதைகளுக்கு ஆசிரியரின் குரல் என்று தனியாக ஒன்று இல்லை, யார் வாயில் புகுந்தாலும் அந்த வாயின் குரலே கதையின் குரலாகிவிடும்.

சங்கடம் தொடங்குவது கல்கியிடத்தில். டி. யோகானந்த் இயக்கிய ‘பார்த்திபன் கனவு’ 1960இல் வந்தது. கௌரவமான முயற்சிதான்; வைஜயந்திமாலா குந்தவியாகவும் எஸ். வி. ரங்காராவ் நரசிம்மவர்மராகவும் தோன்றினார்கள். ஆனால் அந்நாவலின் உயிர்நாடி, சடையும் திருநீறுமாக வந்துபோகும் அந்தச் சிவனடியார் யார் என்பதை ஆசிரியர் நெடுநேரம் நம்மிடம் சொல்லாமல் வைத்திருக்கும் சாமர்த்தியத்தில் இருக்கிறது. எழுத்தில் ‘சிவனடியார்’ என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் முகம் மறைந்துவிடுகிறது. திரையில் எத்தனை முழ தாடி ஒட்டினாலும் ரங்காராவின் தோளும் குரலும் கொட்டகையின் கடைசி பெஞ்சு வரை தம்மைத் தாமே அறிவித்துக்கொள்கின்றன. சாதனம் போதாமையால் வந்த குறையா இது? இன்றைய கணினிகள் அனைத்தையும் கூட்டி வந்தாலும் தீராத குறை. சொல்லுக்கு மறைக்கத் தெரியும், காமிராவுக்குத் தெரியாது என்ற இந்தச் சாதாரண உண்மையைக் கணக்கில் எடுத்துக்கொண்டவர்கள் ஜெயித்தார்கள், மறந்தவர்கள் தோற்றார்கள். நான் சொல்லவரும் சரித்திரம் முழுவதும் இவ்வளவுதான்.

ஜெயித்தவர்களைத் தேடி நான் தமிழிலிருந்து மலையாளத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. எல்லையில் வாழ்கிறவனுக்கு அது பெரிய பிரயாணமன்று. 1964இல் வைக்கம் முகம்மது பஷீர் தம் ‘நீலவெளிச்சம்’ சிறுகதையைத் தாமே திரைக்கதையாக்கித் தர, ஒளிப்பதிவாளராகப் பேரெடுத்த ஏ. வின்சென்ட் ‘பார்கவி நிலையம்’ என்ற படத்தை எடுத்தார். பேய் வீடு என்று ஊரார் ஒதுக்கிய ஒரு வீட்டுக்கு ஓர் எழுத்தாளன் குடிவருகிறான். அங்கே இறந்துபோன பெண்ணோடு, அவள் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமலே, பக்கத்து வீட்டுக்காரியோடு பேசுவதுபோலப் பேசிப் பழகுகிறான். கதையில் ஓரிரவு விளக்கில் எண்ணெய் தீர்ந்துபோகிறது. மண்ணெண்ணெய் வாங்கி வரப் போனவன் திரும்பிக் கதவைத் திறந்தால் அறை முழுதும் நீல ஒளி நிறைந்திருக்கிறது. அந்தக் கதையை வின்சென்ட் எடுத்தது கறுப்பு வெள்ளையில் என்பதை வாசகர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். நீலம் என்ற நிறமே இல்லாத திரையில், நீலத்தைச் சேர்க்கும் வேலை பார்ப்பவன் மனத்தில் விடப்பட்டது. தனிமையில் ஒரு மனிதன் காற்றோடு பேசும் குரலிலேயே அந்தப் படத்தின் மாயம் முழுவதும் அடங்கியிருந்தது. ஏறக்குறைய அறுபது வருஷத்துக்குப் பிறகு அதே கதை முழு வர்ணத்தில் வந்தபோது, நீலம் நீலமாகவே திரையில் கொட்டிற்று. பழைய படத்துக்குப் பாபுராஜ் இசையமைத்த பாட்டுகளும் மீண்டும் ஒலித்தன. பார்ப்பவனுக்குச் செய்ய வேலை ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

அதைவிடவும் எனக்கு அருமையானது 1968இல் வந்த ‘யட்சி’. அதன் நாவலாசிரியர் மலையாற்றூர் ராமகிருஷ்ணன் 1927இல் கல்பாத்தியில் பிறந்தவர். வீட்டில் தமிழ், எழுத்தில் மலையாளம் என்று வாழ்ந்த நம் அக்கிரகாரத்துப் பிள்ளை. இயக்குநர் கே. எஸ். சேதுமாதவனும் 1931இல் பாலக்காட்டில் பிறந்தவர். சோதனைச் சாலை விபத்தில் முகம் வெந்துபோன ரசாயன ஆசிரியன் ஒருவன், காதலியால் கைவிடப்பட்டிருக்கும் வேளையில், எங்கிருந்தோ வந்த அழகி ஒருத்தி அவனை விரும்பி மணக்கிறாள். இவ்வளவு அழகி இந்த முகத்தை விரும்புவானேன், இவள் யட்சியாகத்தான் இருக்க வேண்டும் என்ற சந்தேகம் அவனை அரிக்கத் தொடங்குகிறது. ஏழிலைப்பாலை மரமும் நிலாவும் வெள்ளைப் புடவையும் இந்தக் கதைக்குத் தேவையே இல்லை. சத்யனுடைய வெந்த பாதி முகமும், சாரதா சிரிக்கும்போது சத்யன் கண்ணில் வரும் பயமும் போதும். அற்புதம் வெளியில் இருக்கிறதா, நம்புகிறவனின் புண்ணில் இருக்கிறதா என்று கடைசிவரை தராசு ஆடிக்கொண்டேயிருக்கிறது.

சேதுமாதவனுக்கு நம் தமிழ் விமரிசகர்கள் உரிய இடம் தரவில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. இந்திரா பார்த்தசாரதியின் ‘உச்சி வெயி’லை ‘மறுபக்கம்’ ஆக்கி, 1990ஆம் ஆண்டுக்கான தேசியச் சிறந்த திரைப்பட விருதை முதன்முதலாகத் தமிழுக்கு வாங்கித் தந்தவர் அவரே. எம்.ஜி.ஆரை வைத்து ‘நாளை நமதே’ எடுத்தவரும் அவரே. இலக்கியத்தைப் படமாக்குவது எப்படி என்று ஒரு வாழ்நாள் முழுதும் இரு மொழிகளில் செய்து காட்டியவரைத் தமிழன் மலையாளி என்று விட்டான். மலையாளியோ அவருடைய தமிழைப் பொருட்படுத்தவில்லை. எல்லைக்காரனின் விதி அது.

இடையில் ஒரு சிறு வசந்தம் உண்டு. அது வந்த இடம் தொலைக்காட்சி. 1990களின் பிற்பகுதியில் இந்திரா சௌந்தர்ராஜன் கதையை நாகா ‘விடாது கருப்பு’ என்ற தொடராக்கினார். மண் தெரு, குதிரைச் சத்தம், கிராமத்துப் பயம், இவைதாம் மூலதனம். வாரம் ஒரு முறை கதையை அறுத்துக் காத்திருக்கவைத்த அந்தத் தொடர், பத்திரிகைத் தொடர்கதையின் உண்மையான வாரிசு. அடுத்த வாரம்வரை கருப்பு யாரென்று தெரியாமல் தூங்கப்போன ஏழு இரவுகளை எந்த வரைகலையும் செய்து தர முடியாது.

இனி, நான் வெறுக்கும் கட்டம். பாலக்காட்டுப் பாட்டிமார் ஒடியன் கதை சொல்வார்கள். இருட்டில் வரப்போரம் உனக்கு முன்னால் ஒரு மாடு போகும். அதற்கு ஓர் அங்கம் குறைந்திருந்தால், அது மாடல்ல, மாடாக உருமாறி வந்த ஒடியன். சாதியின் கொடுமையால் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவனைக் கண்டு ஊர் பயந்த பயத்திலிருந்து முளைத்த கதை அது. பிறகு எந்த மாட்டைப் பார்த்தாலும் வாலை எண்ணத் தோன்றும். அதுதான் கதையின் சக்தி. 2018 டிசம்பரில் தேங்குறிச்சியைக் களமாகக் கொண்டு வந்த ‘ஒடியன்’ படத்தில், மாபெரும் விளம்பர முழக்கத்தோடு, மோகன்லால் பறந்தார், பாய்ந்தார், அடித்தார். கொட்டகையை விட்டு வெளியே வந்து பார்த்தால் மாடு மாடாகவே நின்றது. அதற்கு முந்திய வருஷம், கூடல்லூர்க்காரரான எம். டி. வாசுதேவன் நாயரின் ‘ரண்டாமூழம்’ நாவலை 1000 கோடி ரூபாயில் எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்தது; 2018இல் திரைக்கதையைத் திருப்பிக் கேட்டு எம். டி. கோர்ட்டுக்குப் போனார்; 2020இல் சமரசமாகித் திரைக்கதை அவர் கைக்கே திரும்பியது. ஒரு காட்சியும் எடுக்குமுன் தொகையை அறிவிப்பது இக்காலத்து மங்கள சுலோகமாகிவிட்டது.

‘பொன்னியின் செல்வன்’ இவற்றோடு சேர்த்துப் பேசத் தகுந்ததன்று. உழைப்பும் ரசனையும் உள்ள படம். ஆயினும் அது எதைக் கைவிட்டது என்று பாருங்கள். பூத்தொடுத்து இறைவனுக்குச் சாத்தும் சேந்தன் அமுதனே உண்மையான மதுராந்தகன் என்று வெளிப்படுவதும், அருள்மொழி தன் தலைக்கு வந்த மகுடத்தை அவன் தலையில் வைப்பதும் அந்நாவலின் மகா அற்புதம். அதற்கு வரைகலை ஒரு காசுக்கும் வேண்டாம். அது போயிற்று. மணிமேகலை அடியோடு போனாள். புயலில் சுழலும் கப்பல் தங்கிற்று. தொடக்கத்தில் கமல்ஹாசன் குரலில் ஒரு முன்னுரை உண்டு; அது விவரம் சொல்லும் குரல். கல்கியின் குரலோ திண்ணையில் உட்கார்ந்து வம்பு பேசும் குரல். வாசகனைத் தோளில் தட்டி, ‘கொஞ்சம் பொறுங்கள், அந்தப் பெண்ணைப் பிறகு பார்ப்போம்’ என்கிற தோரணையில் கதையை நிறுத்தவும் நடத்தவும் வல்ல குரல். அது போனபின் மிஞ்சியது நகையும் குதிரையும்.

மேல்நாட்டிலும் இந்த நோய்க்கு ஓர் உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் கிறிஸ்டோபர் பாவ்லினி பதினைந்தாம் வயதில் எழுதத் தொடங்கிய ‘எரகான்’ நாவலை 2002இல் அவர் குடும்பத்தாரே அச்சிட்டார்கள். 2006இல் அது படமாகி வாசகர்களைக் கசப்படையச் செய்தது. அப்படத்தின் இயக்குநர் ஸ்டெஃபன் ஃபாங்மையர் காட்சி வரைகலையில் தேர்ந்த நிபுணர். இயக்கியதில் அதுவே முதல் படம். டிராகனைப் பறக்கவைக்க அவரைவிடத் தகுந்தவர் கிடைத்திருக்க மாட்டார். நாவலில் ஒரு பையனின் குறைகள் எல்லாம் உண்டு. டிராகன் முட்டையைத் தானே கண்டெடுத்ததுபோல் ஆனந்தப்படும் பையனின் மூச்சும் உண்டு. டிராகன் பறந்தது, மூச்சு நின்றது.

ஆகவே நான் வேண்டுவது இதுதான். நம் மாயக் கதைகளுக்குச் சிறிய திரையும், சந்தேகம் தெளியாத முடிவும், கதைசொல்லியின் குரலும் வேண்டும். தஸ்ராக் கிராமத்தைக் கஸாக் என்ற கற்பனை ஊராக்கிய ஓ. வி. விஜயனின் நாவலைத் தீபன் சிவராமன் 2015இல் திருக்கரிப்பூரில் மண்ணும் நெருப்பும் கொண்டு நாடகமாக்கினாரே, அந்த வழியில் சினிமாவும் நடக்கட்டும். கோடிகளை எண்ணுவதற்கு முன்னால், இந்தக் கதையை யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்ற கேள்வியைக் கேட்கட்டும்.

என் பதினொரு பக்கங்களுக்கு வருகிறேன். சித்தி அவற்றைத் தள்ளிவிடாமல், விடுபட்ட இடத்திலேயே செருகி, போடியில் பைண்டு செய்யக் கொடுத்துவிட்டாள். சென்ற வருஷம் அந்த வால்யூம் என் கைக்கு வந்தது. ஜோதிடர் வீட்டு வாசலில் வந்தியத்தேவன் பன்னிரண்டு வாள்வீரர்களை வெட்டிச் சாய்க்கிறான். கேடயத்துக்கு அரைப் பக்கம், குதிரைக்கு ஒரு பக்கம் வருணனை. கல்கி எழுதியதைப் பிற்பாடு படித்தபோது, அங்கே வாளே இல்லை. வாசலில் தடுத்த சீடனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் விழுகிற ஒருவன், எதிரே பெண்களைக் கண்டு அசடு வழிகிறான், அவ்வளவே. என் அத்தியாயத்தை லயத்தில் கல்கியுடையதென்றே படித்தார்கள். நான் மூச்சடக்கி மூலையில் இருந்தேன். எழுத்தறியாத ஒரு பெரியவர், வெற்றிலையை மென்றபடி கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்:

“இந்த வாரம் எழுதுறவருக்கு ஒடம்பு சொகமில்லையோ என்னமோ. சண்டை நெறைய இருக்கு, பேச்சக் காணோமே.”