32 மில்லிமீட்டர் பூமி

மினியேச்சர்களுக்கு வண்ணம் தீட்டுவதில் எது ரொம்பப் பிடிக்கும் என்று கேட்டால் பலரும் முகம், கண், கவசத்தின் விளிம்பு என்பார்கள். நான் யோசிக்கவே மாட்டேன்: பேஸ்தான்! உருவம் நிற்கும் அந்தச் சின்னத் தட்டில் கிடைக்கிற ஆனந்தம் எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை.

வார்ஹேமர் என்ற மேசைப் போர் விளையாட்டின் ஸ்பேஸ் மரீன் வீரனை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் நிற்பது 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள கறுப்பு பிளாஸ்டிக் வட்டத்தில். அது வெறுமையாக இருக்கும்வரை, எவ்வளவு அழகாகத் தீட்டியிருந்தாலும் அவன் அலமாரிப் பொருள்தான். காலடியில் வெடித்த நிலத்தைக் கொடுத்துப் பாருங்கள், அவனுக்கு ஓர் ஊர் வந்துவிடும். மழை பார்த்து எத்தனை காலமாயிற்று என்பதை அந்த மண்ணே சொல்லிவிடும்.

அந்த வெடிப்பை உண்டாக்குகிற சிட்டடெல் பிராண்ட் வண்ணம் 'அக்ரெல்லன் எர்த்'. அடடா, என்ன அற்புதம் அது! கெட்டியாக அப்பிவிட்டுக் காத்திருந்தால் போதும். காயக் காயச் சுருங்கித் தானே பிளந்துகொள்ளும். தடிமனாக அப்பினால் அகலமான பிளவு, மெல்லியதாகப் பூசினால் நுணுக்கமான விரிசல். தட்டில் முதலில் ஃபெவிகால் பூசிக் காயவிட்டு அதன்மேல் அப்பினால் பாளம் பாளமாகவே பிரியும். செக்கச்செவேலென்ற நிலம் வேண்டுமா? அதே குணமுள்ள 'மார்ஷியன் அயர்ன்எர்த்' இருக்கிறது. நீலக் கவசம் அணிந்த அல்ட்ராமரீன் படைவீரன் ஒருவனை அந்தச் சிவப்பின்மேல் நிறுத்துங்கள். கவசத்தில் ஒரு சொட்டு வண்ணம்கூடக் கூட்டாமலே அந்த நீலம் பளிச்சென்று எழுந்து நிற்கும்!

சாதாரண மணலிலும் இந்த மாயம் உண்டு. ஒரே அளவு மணலாக இல்லாமல் பொடி மணல், குருணை, ஓரிரு கற்கள் என்று கலந்து ஒட்ட வேண்டும். காய்ந்ததும் தண்ணீர் கலந்த ஃபெவிகாலை மேலே ஒருமுறை ஓடவிட்டால் ஒரு மணிகூட உதிராது. அடர்பழுப்பு அடித்து, 'அக்ராக்ஸ் எர்த்ஷேட்' என்ற நீர்த்த வண்ணத்தால் கழுவல் கொடுத்தால் இடுக்குகளில் நிழல் இறங்கும். பிறகு என் உயிரான டிரைபிரஷ். வெளிர்மண் நிறத்தைத் தூரிகையில் தொட்டு, அநேகமாக எதுவும் மிஞ்சாத அளவுக்குக் காகிதத்தில் துடைத்துவிட்டு, மணலை லேசாக வருடுங்கள். மேடுகளில் மட்டும் நிறம் பிடிக்கும், பள்ளங்கள் இருட்டாகவே இருக்கும். நாலே வருடலில் வெயில் வந்துவிடும்! எத்தனை முறை செய்தாலும் அந்த நொடியில் எனக்குச் சிரிப்பு பொங்குகிறது.

அதன்மேல் புல். நைலான் இழைகளாலான ஸ்டேட்டிக் புல்லை மின்னேற்றும் கருவியால் தூவினால், பசையில் விழும் இழைகள் நிமிர்ந்து நிற்கும். காடு வேண்டுமென்றால் பிர்ச் மரம் இருக்கிறது. அதன் விதைக்கதிரை உதிர்த்தால் வருகிற குட்டிச் செதில்கள், இந்த உருவங்களின் அளவுக்கென்றே செய்த சருகுகள்!

கடைசியாக விளிம்பு. 90களின் வார்ஹேமர் படைகளில் பளீர்ப் பச்சை விளிம்புதான் வழக்கம். அதற்கென்று ரசிகர்கள் இன்றும் உண்டு. எனக்குக் கறுப்பு. சுற்றிலும் சீராக ஒரே நிறம் ஓடியதும் நிலத்துக்கு எல்லை கிடைக்கிறது, கண் நேராக வீரனிடம் போகிறது. இதே மண்ணைப் படை முழுவதற்கும் கொடுத்துவிட்டால், வெவ்வேறு காலத்தில் தீட்டிய உருவங்களும் ஒரே அணியாகச் சேர்ந்துவிடும்.

ஆகவே, பேஸை மிச்ச வேலையாக ஒதுக்கிவைக்காதீர்கள். அடுத்த உருவத்தைக் கையில் எடுத்ததும், இவன் எந்த மண்ணில் நிற்கிறான் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கவசத்துக்கு எந்த நிறம் எடுப்பாக இருக்கும், பூட்ஸில் எந்தத் தூசி படிந்திருக்கும் என்பதையெல்லாம் அந்த மண்ணே உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்!