நதியும் ஒரு பாடகனும்: ஓரிஜித் சென்னின் சித்திரக்கதை

சித்திரக்கதை என்றவுடன் நம்மில் பலருக்கு 1972இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸும் அதன் இரும்புக்கை மாயாவியுமே நினைவுக்கு வருவது இயல்பு. சிறுவர்க்குரிய பொழுதுபோக்கென்று அவ்வகையை ஒதுக்கியும் விட்டோம். அந்த எண்ணத்தை அசைத்த இந்திய நூல், ஓரிஜித் சென் ஆங்கிலத்தில் எழுதி வரைந்து 1994இல் வெளிவந்த 'ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்'.

அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் பயின்ற சென், நர்மதை அணையால் நிலமிழக்கவிருந்த பழங்குடியினரின் வாழ்வைக் கருவாக எடுத்துக்கொண்டார். மால்கு காயன் என்னும் பாடகன் பாடும் படைப்புக் கதையும், அணையைப் பற்றி எழுதப் புறப்படும் விஷ்ணு என்னும் இளம் நிருபனின் பயணமும் நூலில் பின்னிச் செல்கின்றன.

மால்கு காயனைக் காணும் தமிழருக்குச் சங்கப் பாணனின் நினைவு வராமல் இராது. ஆயினும் பாணன் புரவலனை நாடிப் பாடிப் பரிசில் பெற்றான். காயனுக்கோ புரவலன் இல்லை. தன் மக்களுக்கு அவர்தம் மண்ணின் பிறப்பைச் சொல்வதே அவன் தொழில். அவன் பாடும் பக்கங்களில் கோடு நீரெனக் குழைந்தோடுகிறது.

எனினும் நூலின் உயிர்நிலை ரேல்கு என்னும் பெண்ணே. நகரத்து வீட்டில் வேலை செய்யும் அவள், தான் ஊரை இழந்த கதையைச் சொல்கிறாள். தொலைவில் எங்கோ நிகழ்வதாக நாம் எண்ணியிருந்த துயரம், நம் வீட்டு அடுக்களையில் நின்று பேசுகிறது. நாமும் ஊர்விட்டு வந்தவர்களே. ஆனால் நம்முள் பெரும்பாலோர் கையில் வேலைக்கான உத்தரவு இருந்தது. திரும்பிச் செல்ல ஊரும் இருந்தது.

ஐதராபாத்தில் நாம் பருகும் நீரில் ஒரு பகுதி, 1955இல் அடிக்கல் நாட்டப்பெற்ற நாகார்ஜுனசாகரிலிருந்து வருகிறது. நீரில் மூழ்கவிருந்த நாகார்ஜுனகொண்டாவின் பௌத்தச் சின்னங்களை அகழ்ந்தெடுத்து மேட்டில் காத்தார்கள். அங்கு வாழ்ந்த சிற்றூராரின் பாட்டுகளை அவ்வாறு எடுத்துவைத்தவர் யார்? சென்னின் நூலைப் படித்தபின் இவ்வினா எழாமற் போகாது.

குறையும் உண்டு. அதிகாரிகள் வெறும் கேலிச்சித்திரங்களாக நின்றுவிடுகின்றனர். வறண்ட நிலத்து உழவனின் தாகம் போதிய வலிமையோடு பேசப்படவில்லை. எதிர்த்தரப்புக்கும் நல்ல வாதம் கொடுத்திருந்தால் ரேல்குவின் குரல் இன்னும் ஓங்கியிருக்கும்.

பின்னர் ஆனந்த்பூர் சாகிப்பில் 2011இல் திறக்கப்பெற்ற விராசத்-ஏ-கால்சாவில், பஞ்சாபின் வாழ்வைக் காட்டும் மாபெரும் சுவரோவியத்தையும் சென் தம் குழுவினருடன் படைத்தார். அங்கும் அவர் கண் எளிய மனிதர் மீதே.

சர்தார் சரோவர் அணை 2017இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. நெடுங்காலம் கிடைக்காதிருந்த நூல், 2022இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகத்தால் மறுபதிப்புக் கண்டது. வாங்குவோர் முதலில் தாம் படித்துவிட்டுப் பிள்ளைகளிடம் கொடுக்கட்டும்.